எடுத்தால் எது போகிறது? வெள்ளை அட்டையும் புற்றுக் காளானும்

யாரும் விதைக்காமல் தானாக விளைவதை எவ்வளவு எடுக்கலாம்? மன்னார் வளைகுடாக் கரையில் இது பழைய கேள்வி. முத்துச் சிப்பிக்கும் சங்குக்கும் இங்கே ஆண்ட அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக விடை சொல்லி வந்திருக்கின்றன. அளந்து எடு என்றது ஒரு காலம். தொடவே கூடாது என்றது இன்னொரு காலம். வளர்த்து எடு என்கிறது ஆய்வுக்கூடம். எடுப்பவர்களிடமே பொறுப்பை விடு என்பது நான்காவது குரல்.

இந்த நான்கு விடைகளையும் சீர்தூக்கிப் பார்க்க இக்கட்டுரை இரண்டு உயிர்களை எடுத்துக்கொள்கிறது. ஒன்று, வளைகுடாவின் மணலும் சேறும் கலந்த அடித்தரையில் வாழும் வெள்ளை அட்டை. அதன் அறிவியல் பெயர் ஹோலோதூரியா ஸ்கேப்ரா. மற்றது, மழைக்குப் பின் கரையான் புற்றை ஒட்டி எழும் புற்றுக் காளான், டெர்மிட்டோமைசஸ் ஹெய்மி. தூத்துக்குடி மாவட்டத்தின் உடன்குடி வட்டாரத்தில் இருந்து பார்த்தால் இந்த ஒப்பீடு இயல்பாக அமைகிறது. ஒரு பக்கம் குலசேகரன்பட்டினமும் மணப்பாடும் கடலைப் பார்த்து நிற்கின்றன. மறுபக்கம் குதிரைமொழித் தேரி என்ற செம்மணல் மேடும் பனங்காடும் உடைமரங்களும் விரிகின்றன. கடல் தொழிலும் காட்டுத் தொழிலும் சில மைல்களுக்குள் அடங்கிவிடும் மண் அது.

இரண்டையும் அருகருகே வைத்ததும் ஒரு முரண் கண்ணில் படுகிறது. வெள்ளை அட்டையைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் வித்தை தூத்துக்குடியிலேயே கண்டறியப்பட்டது. ஆனால் அதைப் பிடிக்கவோ விற்கவோ இந்தியச் சட்டம் இடம் தருவதில்லை. புற்றுக் காளானைப் பெயர் சொல்லித் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் அதைப் பண்ணையில் விளைவிக்கும் வழி இன்னும் கைகூடவில்லை. தெரிந்ததைச் செய்ய முடியாத நிலை ஒன்று, செய்யத் தடையில்லாததைச் செய்யத் தெரியாத நிலை மற்றொன்று. எந்த விடை எந்த உயிருக்குப் பொருந்தும் என்பதை இந்த முரணிலிருந்தே தொடங்கி ஆராயலாம்.

இரண்டு உடல்கள்

வெள்ளை அட்டை ஒரு முட்தோலி. நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும் அதன் உறவினர்கள். கரையோர மீனவர்கள் தாழை என்று சொல்லும் கடற்புல் படுகைகளே அதன் முக்கிய வாழிடம். பகலில் பெரும்பாலும் மணலுக்குள் புதைந்து கிடந்து பின்னர் வெளியே வரும். மணலை விழுங்கி, அதில் கலந்திருக்கும் மக்கிய பொருளையும் நுண்ணுயிர்களையும் செரித்துவிட்டு, மணலைத் திரும்ப வெளியே தள்ளும். இப்படி அடித்தரை ஓயாமல் கிளறப்படுவதால் கடற்புல்லுக்குச் சத்து கிடைக்கிறது என்று பல ஆய்வுகள் கூறுகின்றன.

இதில் ஆணும் பெண்ணும் தனித்தனி உயிர்கள். முட்டையும் விந்தும் கடல்நீரில் விடப்பட்டு அங்கேயே சேர வேண்டும். ஒரு பெண் அட்டை லட்சக்கணக்கில் முட்டையிடும். ஆனால் அருகில் ஆண் இல்லாவிட்டால் அத்தனையும் வீண். பிறக்கும் இளவுயிர் ஏறத்தாழ இரண்டு வாரம் நீரில் மிதந்து, பல உருமாற்றங்களைக் கடந்து, பெரும்பாலும் கடற்புல்லின் இலைகளில் வந்து ஒட்டிக்கொள்கிறது.

புற்றுக் காளான் எனக் கண்ணுக்குத் தெரிவது உயிரின் ஒரு பகுதி மட்டுமே. அதன் உடல் புற்றுக்குள் இழைகளாகப் பரவிக் கிடக்கிறது. ஓடான்டோடெர்மிஸ் வகைக் கரையான்கள் மரத்துகளையும் சருகையும் மென்று, அதைக் கொண்டு புற்றுக்குள் கடற்பஞ்சு போன்ற தோட்டங்களைக் கட்டுகின்றன. பூஞ்சை அங்கே வளர்ந்து, கரையானால் தனியே செரிக்க முடியாத மரப்பொருளைச் சிதைத்துத் தருகிறது. பதிலுக்குக் கரையான் அதற்கு ஈரமும் வெப்பமும் காவலும் தருகிறது. இந்தக் கூட்டு வாழ்வு ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியதாக மரபணு ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. மழை பெய்து மண் இளகியதும் பூஞ்சை நீண்ட வேர் போன்ற தண்டை மேலே அனுப்பி, மண்ணைப் பிளந்து குடை விரித்து, வித்துத்துகள்களைத் தூவுகிறது.

இந்தப் பேரினத்தை 1942-ல் வரையறுத்தவர் பிரெஞ்சு பூஞ்சையியலாளர் ரோஜர் ஹைம். அவர் பெயரால் 1979-ல் டெர்மிட்டோமைசஸ் ஹெய்மி என்ற இனத்தை விவரித்துப் பெயரிட்டவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன். ஆக, இந்தக் காளானின் அறிவியல் வரலாற்றில் தமிழகத்துக்கு நேரடிப் பங்கு உண்டு.

இரண்டும் மக்கிய பொருளை மீண்டும் உயிர்ச்சுழற்சியில் சேர்ப்பவை. இரண்டுக்கும் வேறோர் உயிர்ச்சமூகத்தின் துணை வேண்டும், ஒன்றுக்குக் கடற்புல், மற்றொன்றுக்குக் கரையான். ஒற்றுமை இங்கே முடிகிறது. அட்டையை எடுத்தால் முழு உயிரும் போகிறது. காளானைப் பறித்தால் உயிர் மண்ணுக்குள் இருக்கிறது. பனையில் பதநீர் இறக்குவதற்கும் பனையையே வெட்டிச் சாய்ப்பதற்கும் உள்ள தூரம் இந்த இரண்டு எடுப்புகளுக்கும் இடையே இருக்கிறது.

எந்த வரிசையில் வைப்பது என்ற தடுமாற்றம்

சட்டங்கள் இந்த வேறுபாட்டைப் பிடிக்கத் தவறியதற்கு வகைப்பாட்டின் வரலாற்றிலும் ஒரு காரணம் உண்டு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறாகப் பகுக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவில் வருகின்றன, சங்கு சிப்பி போன்றவை ஈரறிவில், கரையானும் எறும்பும் மூவறிவில். உடலமைப்பை விடப் புலன்களை முதன்மையாகக் கொண்ட பகுப்பு இது. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில், ஒட்டிக்கொள்ளாமலும் உணர்ச்சி காட்டாமலும் கிடக்கும் சில கடலுயிர்களைச் செடிக்கும் விலங்குக்கும் இடைப்பட்டவை போல விவரித்தார். அவர் எழுதிய ஹோலோதூரியா எந்த உயிர் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பெயர் மட்டும் கடல் அட்டைக்கு வந்து சேர்ந்தது.

பூஞ்சைகளைப் பதினெட்டாம் நூற்றாண்டில் லின்னேயஸ் பூவாத் தாவரங்களோடு சேர்த்தார். 1969-ல் விட்டேக்கர் ஐந்து உலகப் பகுப்பை முன்வைத்தபோதுதான் பூஞ்சைக்குத் தனி உலகம் பரவலாக ஏற்கப்பட்டது. 1993-ல் வெளியான மூலக்கூறு ஆய்வுகள் பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கியவை என்று காட்டின. அந்தக் கணக்கில் அட்டையும் காளானும் நாம் நினைத்ததைவிட நெருங்கிய சொந்தம்.

சட்டம் இந்த மாற்றத்தோடு நடந்து வரவில்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் விலங்குகளுக்கும் சில தாவரங்களுக்கும் அட்டவணை வைத்திருக்கிறது. பூஞ்சைகளுக்கு அதில் இடம் இல்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருளைத் தாவர மூலம் கொண்டவை என்று வரையறுக்கிறது. தேன், மெழுகு, அரக்கு, பட்டுக்கூடு ஆகியவற்றைப் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. காளான் அந்தப் பெயர்களில் இல்லை. நடைமுறையில் காளானும் சிறு வனப்பொருளாகவே நடத்தப்படுகிறது. ஆனால் அந்த நடைமுறை பழைய வகைப்பாட்டின் மீதே நிற்கிறது. பூஞ்சைகளைத் தன் சுற்றுச்சூழல் சட்டத்தில் வெளிப்படையாகச் சேர்த்த முதல் நாடாகச் சிலி கருதப்படுகிறது.

முதல் விடை: அளந்து எடுத்தல்

இந்தக் கரையின் மிகப் பழைய விடை இதுவே. முத்துக்குளிப்பு நினைத்தபோது நடந்ததில்லை. சிப்பி வளரும் கடலடித் திட்டுகளான பார்களைச் சோதித்து, சிப்பி போதிய வயதும் எண்ணிக்கையும் அடைந்திருக்கிறதா என்று கண்டபின்பே குளிப்பு அறிவிக்கப்பட்டது. சங்குக்கு வளையம் வைத்து அளந்தார்கள். அளவுக்குக் குறைந்ததைக் கடலுக்கே திருப்பி விட வேண்டும். சென்னை மாகாணத்தின் முத்து, சங்குத் தொழிலைக் கவனித்த ஜேம்ஸ் ஹார்னெல் 1917-ல் இந்தியக் கடல் அட்டைத் தொழிலின் வரலாற்றையும் அதன் மறுமலர்ச்சியையும் தனியே எழுதினார். குடலை நீக்கி, வேகவைத்து, மணலில் புதைத்துத் தோலின் சுண்ணப் படலத்தை அகற்றி, மறுபடி வேகவைத்துக் காயவைக்கும் முறை சீன வணிகத்தோடு இக்கரைக்கு வந்ததாகக் கூறப்படுகிறது. சரக்கு உள்ளூரில் உண்ணப்படவில்லை. சிங்கப்பூர், ஹாங்காங் வழியாகச் சீனச் சந்தைக்குப் போயிற்று.

அட்டைக்கும் இந்த அளவு முறை வந்தது. 75 மில்லிமீட்டருக்குக் குறைவான காய்ந்த அட்டையை ஏற்றுமதி செய்யக்கூடாது என்று 1982-ல் இந்திய அரசு விதித்தது. இதன் பலவீனம், அளவு பார்க்கப்பட்ட இடத்தில் இருந்தது. வளையம் வைத்து அளக்கும்போது சங்குக்கு உயிர் இருக்கிறது, திருப்பி விட்டால் பிழைக்கும். ஏற்றுமதிக் கிடங்கில் அளக்கப்படும் அட்டை ஏற்கெனவே வெந்து காய்ந்தது. சிறியது என்று தள்ளினாலும் கடலுக்கு எந்தப் பயனும் இல்லை.

இன்னொரு பலவீனம் ஆழமானது. எண்ணிப் பார்த்து எடுத்த முத்துச் சிப்பிகூடப் பிழைக்கவில்லை. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடிப் பார்களில் நடந்ததே கடைசித் தொடர் முத்துக்குளிப்பு. அதற்குப் பின் வணிக அளவில் குளிக்கும் நிலைக்குப் பார்கள் திரும்பவில்லை. எடுப்பை மட்டும் கட்டுப்படுத்தி வாழிடத்தைக் கவனிக்காவிட்டால் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தும் போதாது என்பதற்கு இது வலுவான உள்ளூர்ச் சான்று.

இரண்டாம் விடை: தடை

2001 ஜூலையில் கடல் அட்டை இனங்கள் அனைத்தும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. யானைக்கும் புலிக்கும் உள்ள காப்பு அட்டைக்கும் வந்தது. மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. எல்லா இனங்களையும் ஒன்றாகச் சேர்த்ததற்குத் தரப்படும் காரணங்களுள் ஒன்று, காய்ந்தபின் இனம் பிரித்துக் காண்பது கடினம் என்பது. உலக அளவிலும் கவலைக்கு அடிப்படை இருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் வெள்ளை அட்டை அழியும் ஆபத்தில் உள்ள இனமாகக் குறிக்கப்பட்டுள்ளது.

தடையை ஆதரிப்பவர்களின் வாதம் எளிதில் ஒதுக்கக்கூடியதன்று. ஓரிடத்தில் அட்டைகள் ஓர் எல்லைக்குக் கீழே குறைந்தால், மீதமிருப்பவை ஒன்றை ஒன்று எட்ட முடியாமல் இனப்பெருக்கமே தடைப்படும். அந்த எல்லைக்கு அருகில் இருக்கும் உயிரை எடுக்காமல் விடுவதே முதல் மருந்து. கையால் எளிதாக எடுக்கக்கூடிய, தப்பி ஓடாத, உலர்ந்த எடைக்கு மிக உயர்ந்த விலை பெறும் உயிருக்கு அரைகுறைக் கட்டுப்பாடு பயன் தராது என்பதும் அவர்கள் கருத்து.

எதிர்வாதங்கள் மூன்று. முதலாவது, தொழில் நின்றதோடு கணக்கும் நின்றது. சட்டப்படி கரைக்கு வரும் அட்டையே இல்லாதபோது, கூடுகிறதா குறைகிறதா என்று சொல்லும் ஆண்டுப் பதிவும் இல்லாமல் போயிற்று. நீருக்கடியில் செய்யும் கணக்கெடுப்பு ஒன்றே எஞ்சிய வழி. அதற்குச் செலவும் பயிற்சியும் அதிகம். இரண்டாவது, கடத்தல். மண்டபம், ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பகுதிகளில் அட்டை பறிமுதல் செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. பாக் நீரிணையின் மறுகரையில், இலங்கையில், உரிமம் பெற்று அட்டை எடுக்கலாம். இங்கே குற்றமாக இருக்கும் சரக்கு அங்கே போய்ச் சேர்ந்தால் வணிகப் பொருளாகிவிடுகிறது. மூன்றாவது, வலையில் தானாகச் சிக்குவது. இழுவலையில் அட்டை ஏறுவதை மீனவர் தடுக்க முடியாது. திருப்பிக் கடலில் விட்டாலும் அடித்தரையைக் கீறிச் சென்ற வலை அதன் வாழிடத்தைச் சிதைத்திருக்கும். அட்டையைத் தொடுவதைத் தடுக்கும் சட்டம் அட்டையின் வீட்டைக் கலைப்பதைத் தடுக்கவில்லை.

தடையின் சுமை யார் மேல் விழுந்தது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். மூச்சடக்கிக் குளித்து அட்டை எடுத்துப் பிழைத்த சிறு தொழிலாளர் ஒரே அறிவிப்பில் வேலை இழந்தார்கள். தடையை நீக்கவோ தளர்த்தவோ மீனவர் அமைப்புகள் தொடர்ந்து கேட்டு வருவதில் நியாயம் இருக்கிறது. அந்தக் குரலைக் கடத்தல்காரர்களின் குரலோடு சேர்த்துவிடுவது பெரும் அநீதி.

தடையிலேயே வேறு வடிவங்களும் உண்டு. 2020-ல் லட்சத்தீவு நிர்வாகம் 239 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல் அட்டைகளுக்கான தனிக் காப்பகமாக அறிவித்தது. உயிரைப் பட்டியலில் வைப்பதோடு நிற்காமல் அது வாழும் இடத்தைக் குறித்துக் காப்பது இதன் போக்கு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிய தேசியப் பூங்கா 1986 முதல் இருக்கிறது. 1989-ல் அறிவிக்கப்பட்ட உயிர்க்கோளக் காப்பகம் குமரி வரை நீள்கிறது. மணப்பாட்டுக் கடல் இந்தக் காப்பகத்துக்குள் வருகிறது, தீவுப் பூங்காவுக்கு வெளியே நிற்கிறது. இடம் சார்ந்த காப்பு என்று பேசும்போது இந்தத் தென்பகுதிக் கரை ஏனோ அதிகம் பேசப்படுவதில்லை.

மூன்றாம் விடை: வளர்ப்பு

1988-ல் தூத்துக்குடியில் இயங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் டி. பி. ஜேம்ஸும் அவரது குழுவினரும் வெள்ளை அட்டையைத் தொட்டியில் முட்டையிடவைத்துக் குஞ்சுகளை வளர்த்தெடுத்தார்கள். இந்த இனத்தில் உலகில் இதுவே முதல் வெற்றி. தாய் அட்டைகள் இருக்கும் நீரின் வெப்பத்தைச் சில டிகிரி உயர்த்தித் தூண்டுவதும், இளவுயிர்களுக்கு நுண்பாசி ஊட்டுவதும், ஒட்டிக்கொள்ளத் தகுந்த பரப்பு அமைத்துத் தருவதும் இதன் சாரம். பின்னர் வியட்நாமிலும் மடகாஸ்கரிலும் இந்த வகை வளர்ப்பு தொழிலாகவே மாறியது. வியட்நாமில் இறால் வளர்த்துக் கைவிட்ட குளங்கள் அட்டைக்குப் பயன்பட்டன. மடகாஸ்கரின் தென்மேற்குக் கரையில் மீனவக் குடும்பங்கள் ஆழமற்ற கடலில் அடைப்பு கட்டி வளர்க்கின்றன. வித்தை பிறந்த தூத்துக்குடியில் அது தொழிலாகவில்லை.

வளர்ப்பை ஆதரிப்பவர்கள், பண்ணைச் சரக்கு பெருகினால் காட்டு அட்டையின் மீதான அழுத்தம் குறையும் என்கிறார்கள். குஞ்சுகளைக் கடலில் விட்டுக் குறைந்த கூட்டத்தைப் பெருக்கலாம் என்பதும் அவர்கள் நம்பிக்கை. இரண்டையும் எச்சரிக்கையோடு ஏற்க வேண்டும். தூத்துக்குடியிலேயே 1973-ல் வளர்ப்பு முத்து கண்டார்கள், 1981-ல் முத்துச் சிப்பிக் குஞ்சு உற்பத்தியில் வென்றார்கள், வளர்த்த குஞ்சுகளைப் பார்களில் விட்டும் பார்த்தார்கள். முத்துக்குளிப்பு திரும்ப வரவில்லை. தொட்டியில் கிடைக்கும் வெற்றி கடலின் வெற்றியாக மாறுவதற்கு நடுவே வாழிடம் என்ற பெரிய நிபந்தனை நிற்கிறது.

யாழ்ப்பாணம் இன்னொரு பாடம் தருகிறது. வட இலங்கையின் ஆழமற்ற கடலில் அட்டைப் பண்ணைகள் வேகமாகப் பரவின. 2022-ல் யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கர் அளவில் வணிக வளர்ப்புக்கு இலங்கை அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வருமானம் கண்டவர்கள் உண்டு. எதிர்ப்பும் எழுந்தது. பொதுவாக இருந்த கடல் அடைப்புகளாகப் பிரிகிறது, சிறகு வலைக்கும் கரைவலைக்கும் இடம் போகிறது, வெளிநாட்டு முதலீடு உள்ளூர்க் கடலை ஆள்கிறது என்று மீனவர்கள் போராடினார்கள். பொரிப்பகக் குஞ்சு போதாதபோது காட்டுக் குஞ்சுகளையே பிடித்து அடைப்பில் விடுவதும் நடப்பதாகக் குறை சொல்லப்படுகிறது. அப்படி நடந்தால் வளர்ப்பு என்பது காட்டு எடுப்பின் இன்னொரு பெயராகிவிடும்.

காளான் பக்கம் வளர்ப்புக்குத் தமிழகத்தில் நல்ல வரலாறு இருக்கிறது. வைக்கோல் காளானை 1940-களிலேயே கோயம்புத்தூரில் விளைவித்துக் காட்டினார்கள். 1974-ல் மேற்கு வங்கத்திலிருந்து விவரிக்கப்பட்ட பால் காளானைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் ஏபிகே 2 என்ற ரகமாக வெளியிட்டது. அருப்புக்கோட்டையின் பெயரைத் தாங்கிய அந்த ரகம் வெப்பமான ஊர்களிலும் விளைகிறது. காட்டிலிருந்து கொட்டகைக்கு ஒரு காளானைக் கொண்டுவருவது முடியாத காரியம் அன்று.

புற்றுக் காளானோ இந்த வரிசையில் சேர மறுக்கிறது. அதன் இழைகளை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க முடிகிறது. ஆனால் கரையானின் துணையின்றிக் குடை விரிக்கச் செய்யும் நம்பகமான வணிக முறை இன்னும் உருவாகவில்லை. எனவே இந்தக் காளானுக்குப் பண்ணை மாற்று இல்லை. புற்றும், புற்று நிற்கும் நிலமும் இருந்தால்தான் காளான் உண்டு.

நான்காம் விடை: எடுப்பவரின் வழக்கம்

புற்றுக் காளானைப் பொறுத்தவரை இதுவரை நடைமுறையில் இருக்கும் ஒரே ஒழுங்கு இதுதான். பொதிகை மலைப் பகுதியின் காணி மக்கள் உட்படப் பல சமூகங்களுக்கு எந்தப் புற்றில், எந்த மழைக்குப் பின் காளான் வரும் என்பது தெரியும். உண்ணத்தக்கதைப் பிரித்தறியும் பழக்கமும் இந்த அறிவின் பகுதி. புற்றுக் காளானைப் போலத் தோன்றி வாந்தி பேதி உண்டாக்கும் பச்சை வித்துக் காளான் போன்றவை இருப்பதால் இந்த அறிவு உயிர் காப்பதும் ஆகும். அது நூலிலிருந்து எளிதில் வருவதன்று. அறிந்த கைகளோடு சேர்ந்து பறித்துத்தான் வரும்.

கடல் பக்கத்திலும் சான்று உண்டு. பாம்பனை அடுத்த சின்னப்பாலம் போன்ற ஊர்களில் கடற்பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தாங்களே முடிவு செய்து, ஆண்டில் சில வாரம் முற்றிலும் நிறுத்தியும் வைத்தார்கள். அவர்களின் முன்னணியில் நின்ற ஒருவருக்கு தீவுச் சூழல் காப்புக்கான சீகாலஜி பரிசு 2015-ல் கிடைத்தது. விதியை எழுதியவர்களே அதைக் கடைப்பிடிப்பவர்களாக இருந்தது அதன் வலிமை.

இந்த விடைக்கும் எல்லை உண்டு. விலை குறைவாகவும் சந்தை அருகிலும் இருக்கும்வரை வழக்கம் தாங்கும். தொலைதூரச் சந்தை உயர்ந்த விலையோடு வந்து நின்றால் உள்ளூர் ஒப்பந்தம் தளர்ந்துவிடக்கூடும். எக்குவடோரின் கலாபகஸ் தீவுகளில் 1990-களில் அட்டைக்காக வந்து குவிந்தவர்களும், அரசோடு அவர்களுக்கு நேர்ந்த மோதல்களும், பின் வந்த வீழ்ச்சியும் இதற்கு எடுத்துக்காட்டு. மேலும், காட்டில் எடுப்பவருக்கு 2006-ஆம் ஆண்டின் சட்டம் ஓரளவு சமூக உரிமை தருகிறது. கடலில் எடுப்பவருக்கு அதற்கு இணையான சட்டம் இல்லை. உரிமை இல்லாதவரிடம் பொறுப்பை மட்டும் ஒப்படைப்பது நீண்ட நாள் நிற்காது.

இரு சான்றுகளின் ஒப்பீடு

நான்கு விடைகளுக்கும் இடையே தீர்ப்புச் சொல்ல உதவும் நீண்ட கால ஆய்வுகள் குறைவு. இரண்டு மட்டும் இங்கே தனித்து நிற்கின்றன.

சுவிட்சர்லாந்தின் ஒரு காட்டில் 1975 முதல் 2003 வரை ஒரே நிலத்துண்டுகளில் காளான் பறித்தும் பறிக்காமலும் ஒப்பிட்டார்கள். 2006-ல் வெளியான முடிவின்படி, பறிப்பு அடுத்தடுத்த ஆண்டுகளின் விளைச்சலையோ இன வளத்தையோ குறைக்கவில்லை. தரையை மிதிப்பது காளான்களின் எண்ணிக்கையைக் குறைத்தது, ஆனால் பூஞ்சையின் உடலுக்கு நிலையான கேடு தெரியவில்லை.

ஆஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூ கினிக்கும் இடையே டாரஸ் நீரிணையில் வாரியர் ரீஃப் என்ற பவளத்திட்டு இருக்கிறது. அங்கே வெள்ளை அட்டை 1990-களின் நடுவில் மிகுதியாக எடுக்கப்பட்டுச் சரிந்தது. 1998-ல் தொழில் மூடப்பட்டது. அதன்பின் பல ஆண்டுகள் நடந்த கணக்கெடுப்புகளில் எதிர்பார்த்த மீட்சி தென்படவில்லை.

இரண்டும் சேர்ந்து காட்டுவது இது: காளானில் எடுப்பு தானே பெரிய ஆபத்தாகத் தெரியவில்லை, அட்டையில் அளவுக்கு மீறிய எடுப்பின் காயம் எடுப்பு நின்ற பிறகும் ஆறுவதில்லை. ஆனால் இந்த முடிவை அப்படியே தேரிக்காட்டுக்கும் மணப்பாட்டுக் கடலுக்கும் கொண்டுவர முடியாது. சுவிஸ் காட்டின் காளான்கள் புற்றில் வளர்பவையல்ல. நீண்ட தண்டோடு முழுதாக வேண்டும் என்று புற்றைத் தோண்டினால் பறிப்பு என்பது வீட்டை இடிப்பதாகிவிடும். வாரியர் ரீஃபில் மறுகரையிலிருந்து தொடர்ந்த எடுப்பும் மீட்சியைத் தடுத்திருக்கலாம். தூத்துக்குடிக் கடலில் கடற்புல்லின் நிலையும் இழுவலையின் தாக்கமும் வேறு.

மதிப்பீடும் எஞ்சும் கேள்விகளும்

இதுவரை பார்த்ததிலிருந்து ஓரளவு உறுதியோடு சொல்லக்கூடியது ஒன்று. எடுப்பை ஒழுங்குபடுத்தும் விதி, எடுக்கும்போது உயிரின் எந்தப் பகுதி போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வெள்ளை அட்டைக்கு எடுப்பே முதல் ஆபத்து, வாழிடச் சிதைவு அதற்கு அடுத்தது. புற்றுக் காளானுக்கு வரிசை தலைகீழ்: புற்று அழிப்பும், கரையான் கொல்லி மருந்தும், நிலம் மனையாக மாறுவதுமே முதல் ஆபத்துகளாக இருக்க வாய்ப்பு அதிகம். அட்டைக்கு எடுப்பில் கண்டிப்பு வேண்டும், காளானுக்கு இடத்தில் கண்டிப்பு வேண்டும். இன்றைய சட்டம் முதலாவதைச் செய்கிறது, இரண்டாவதைத் தொடவே இல்லை.

அட்டைத் தடையை இன்று ஒரேயடியாக நீக்குவதற்குச் சான்று போதாது. இப்படியே காலவரையின்றித் தொடர்வதற்கும் சான்று போதாது. இரண்டு பதின்ம ஆண்டுகளுக்கு மேல் நடக்கும் தடை எதைச் சாதித்தது என்று அளந்து சொல்லும் கடமை தடை விதித்தவர்களுக்கு உண்டு. மண்டபம் முதல் மணப்பாடு வரை, அட்டை எடுத்துப் பழகிய மீனவர்களையே கணக்கெடுப்பாளர்களாகச் சேர்த்து, இனவாரியாகவும் இடவாரியாகவும் அடர்த்தியைப் பதிவு செய்வது முதல் படி. எந்த அடர்த்திக்கு மேல் இனப்பெருக்கம் நிலையாக நடக்கும் என்று நிறுவிய பின்பே எந்த எடுப்பைப் பற்றியும் பேச முடியும். பொரிப்பகக் குஞ்சுகளைக் கடலில் விடுவதானால் தாய் அட்டைகள் அந்தந்தக் கடலைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டுமா, விட்டவற்றில் எத்தனை பிழைக்கின்றன, அவை காட்டுக் கூட்டத்தின் மரபு வளத்தை மாற்றுமா என்பன இன்னும் விவாதத்தில் உள்ளவை.

காளான் பக்கத்தில் கேள்விகள் இன்னும் அடிப்படையானவை. ஒரு புற்று எத்தனை ஆண்டு தொடர்ந்து காளான் தருகிறது, பறிப்பு வித்துப் பரவலை எவ்வளவு குறைக்கிறது, மழையின் காலம் மாறும்போது குடை விரியும் காலமும் மாறுகிறதா என்பவற்றைத் தென்மாவட்டங்களில் நீண்ட நாள் தொடர்ந்து பார்க்க வேண்டும். 2002-ஆம் ஆண்டின் உயிரினப் பன்மைச் சட்டத்தின்படி ஊர்தோறும் தயாரிக்கப்படும் மக்கள் உயிரினப் பன்மைப் பதிவேடுகளில் புற்றுக் காளானுக்கும் கடலடி உயிர்களுக்கும் பக்கம் ஒதுக்குவது அதிகச் செலவில்லாத தொடக்கம்.

யார் முடிவெடுப்பது என்ற கேள்விதான் கடைசிவரை தீராமல் இருக்கிறது. அளவு முறையை அரசு எழுதியது, தடையையும் அரசே எழுதியது, வளர்ப்பை ஆய்வாளர் எழுதினார், அடைப்புகளை முதலீடு எழுதத் தொடங்கியிருக்கிறது. கடலில் குளித்தவரும் காட்டில் பறித்தவரும் இந்த நான்கிலும் பெரும்பாலும் விதிக்கு உட்பட்டவர்களாகவே இருந்தார்கள். பாசி எடுக்கும் பெண்களின் அனுபவம் வேறு வழி உண்டு என்று காட்டுகிறது. விலை மிகுந்த அட்டைக்கும் அந்த வழி தாங்குமா என்பதைச் சிறிய பரப்பில், உறுதியான கண்காணிப்போடு சோதித்துப் பார்த்தே சொல்ல முடியும். அந்தச் சோதனையைத் தொடங்க வேண்டிய கரை, வெள்ளை அட்டையை முதலில் வளர்த்துக் காட்டிய இந்தக் கரையே.